முடிச்சு அவிழ்ந்த புதன்கிழமை

கண்டி நகரத்தின் வரலாற்றை நாள்வாரியாகத் தொகுத்து என் பழைய நண்பர் ஒருவர் நூலொன்று அச்சிட்டிருக்கிறார். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பத்தி. அந்நாளில் முன்னொரு காலத்தில் இந்நகரில் நிகழ்ந்தவற்றை அதில் காணலாம். உழைப்பில் குறையில்லை. அச்சுப்பிழையும் அரிது. படியொன்றை எனக்கு அன்போடு அனுப்பியிருந்தார். நான் முதலில் தேடிப் புரட்டியது ஆவணியில் வரும் ஒரு நாளை. முப்பதுகளின் நடுவில் ஓராண்டில் அந்நாள் புதன்கிழமையாக விழுந்தது. அதன் கீழ் நண்பர் எழுதியிருப்பது இவ்வளவே: காலையில் வாவியின் மதகு பழுதுபார்க்கப்பட்டது, பிற்பகலில் மழை, மாலையில் ஆளுநர் மாளிகைத் தோட்டத்தில் நடக்கவிருந்த விருந்து மழையால் உள்ளே நடந்தது, வேறொன்றும் குறிப்பிடத்தக்கதாக நிகழவில்லை.

கடைசி வரியைப் படித்தபோது நூலைச் சுவரில் எறிய நினைத்தேன். எறியவில்லை, புத்தகத்தை எறிந்து பழகிய வீட்டில் நான் வளரவில்லை. அதற்கு ஈடாக இதை எழுதுகிறேன். நண்பர் மன்னிக்க வேண்டும் என்று சம்பிரதாயத்துக்குக்கூட நான் கேட்கப்போவதில்லை.

அன்று நான் கண்டிக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், மொழிபெயர்ப்பாளன். யாழ்ப்பாணத்தில் இலக்கணச் சூத்திரங்களை நெட்டுருச் செய்து, நிகண்டை ஒப்பித்து, ஒற்றுப்பிழைக்குப் பிரம்படி வாங்கி வளர்ந்தவன். ஆங்கிலத்தையும் அவ்வாறே கற்றேன். சாட்சி சொல்வதை ஒரு சொல் கூட்டாமலும் ஒரு சொல் குறைக்காமலும் பெயர்ப்பவன் என்று எனக்குப் பெயர் இருந்தது. நீதிமன்றத்தில் ஆள் தட்டுப்பாடானால் அங்கிருந்தும் என்னைக் கேட்டு ஆளனுப்புவார்கள். அந்தப் பெயரை நான் வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி போல எங்கும் ஏந்தித் திரிந்தேன். தோட்டத்துத் தமிழைக் கேட்டால் எனக்குப் பல் கூசும். அதை நான் மறைத்ததுமில்லை.

ஆணும் பெண்ணும், கற்றவரும் கல்லாதவரும், அரசாங்க சபைக்கு வாக்களிக்கலாம் என்ற சட்டம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஊரெல்லாம் அதைப் புகழ்ந்தது. புகழ்ந்தவர்கள் எவரும் அதன் வாலைப் பார்க்கவில்லை. தோட்டத் தமிழர் மட்டும், இத்தீவிலேயே நிலைத்து வாழும் எண்ணம் தமக்கு உண்டென்று காட்டவேண்டும். எவரேனும் ஒருவர் ஒரு பெயரைச் சுட்டி மறுப்பு மனுக் கொடுத்தால் போதும். அப்பெயருக்குரியவர் கச்சேரிக்கு இறங்கி வந்து தம் நெஞ்சில் இருக்கும் எண்ணத்தை அதிகாரியின் மேசைமேல் எடுத்து வைக்கவேண்டும். கிராமத்தானிடம் அவன் எண்ணத்தை எவரும் கேட்கவில்லை. கடைக்காரனிடம் கேட்கவில்லை. என்னிடமும் கேட்கவில்லை. காட்டை வெட்டி மலைக்குத் தேயிலை உடுத்திவிட்ட கூட்டத்திடம் மட்டும் கேட்டார்கள்: நீ இங்கேயே இருப்பாயா? எண்ணத்தைக் காட்டு!

அந்த ஆவணிப் புதன்கிழமை இத்தகைய மறுப்பு மனுக்களை விசாரிக்கும் நாள். ஒரு வேட்பாளரின் ஆட்கள் கட்டுக்கட்டாகக் கொடுத்திருந்தார்கள். அவர்களுக்காக வழக்குரைக்க ஒரு பிறக்கிராசி வந்திருந்தார். நகரத்தில் செல்வாக்குள்ளவர், வெள்ளை உடுப்பில் மடிப்புக் கலையாதவர். விசாரணை அதிகாரி இளவயது ஆங்கிலேயர். கெட்டவர் அல்லர். இதை நான் அழுத்தி எழுதுகிறேன். கெட்டவராக இருந்திருந்தால் அந்த நாளை என்னால் எளிதில் மறந்திருக்க முடியும்.

காலையில் மூன்றாவதாகக் கூப்பிடப்பட்டவள் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு கைம்பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும். கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்தி அழுத்தி உச்சிக்கு முன்னே முடி உதிர்ந்து ஒரு பட்டை தெரிந்தது. விடியுமுன் நடந்து இறங்கி, பஸ்வண்டி பிடித்து வந்திருந்தாள். அவளுக்குச் சாட்சியாக அக்குறணையைச் சேர்ந்த புடவைக் கடைக்காரர் ஒருவர் உடன் வந்திருந்தார். மாதம் ஒருமுறை புடவைப் பொதியோடு அத்தோட்டத்துக்குப் போய், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில் லயம் லயமாக விற்பவர். தொப்பியும் சாரமுமாய் வாசலருகே பலகையில் உட்கார்ந்திருந்தார்.

சத்தியம் செய்யச் சொன்னேன். அவள் வலது கையை உயர்த்தினாள். இடது கை இடுப்புச் செருகலில் எதையோ பற்றிக்கொண்டது. அப்போது நான் அதைக் கவனித்தேன். பிறக்கிராசியும் கவனித்தார் என்பது பின்னர் தெரிந்தது.

"பிறந்த இடம் யாது?" என்று அதிகாரி கேட்டதை நான் தமிழாக்கினேன்.

"இங்கனதாங்க சாமி. மேமலை லயத்துல. கடைசிக் காம்பரா."

"தந்தை இருக்கிறாரா?"

"எங்கப்பன் கெடக்குறதும் அங்கனதான். எம் புருசன் கெடக்குறதும் அங்கனதான். ரெண்டு பேருக்கும் நடுவுல நாலு முழம். அந்த நாலு முழம் எனக்குன்னு சொல்லி வச்சிருக்கேன்."

நான் பெயர்த்தேன். அதிகாரியின் முகத்தில் ஒரு மென்மை வந்தது. இவ்வளவு தூரம் வந்து வாக்குக்காக வாதாடுவானேன் என்று கேட்டார். அவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள்:

"அந்தப் பொதைச்ச எடத்துல புதுசாத் தேயிலை வைக்கப் போறாங்களாம் சாமி. தோட்டத்துத் தொரைகிட்ட கும்புட்டுப் பாத்தோம், கேக்கல. சபைக்கு நிக்கிறவரோட ஆளுகிட்ட போய் அழுதோம். அவரு, 'ஒங்க லயத்துல எத்தன ஓட்டு?'ன்னு கேட்டாரு. 'ஒன்னுமே இல்லைங்க'ன்னோம். வெத்தல எச்சியத் துப்பிட்டுக் காருல ஏறிட்டாரு. அதுக்குத்தான் சாமி. ஓட்டு இருந்தாத் துப்ப மாட்டாங்கள்ல?"

துப்பியது உட்பட எல்லாவற்றையும் நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்தார். கடைக்காரரும் எழுந்து நின்று, "தொர, இவவட புருஷன் ஈக்கிற காலத்துலேந்து இவவ எனக்குத் தெரியும். எந்த மாசம் போனாலும் அந்த லயத்துல தான் ஈப்பா. எங்கயும் போனதில்ல" என்று சாட்சி சொன்னார். அதிகாரி பேனாவைக் கறுப்பு மையில் தோய்த்தார். கறுப்பு மை என்றால் பெயர் நிற்கும். சிவப்பு மை என்றால் பெயர் போகும். இரண்டு புட்டிகளும் அவர் முன்னே அருகருகே இருந்தன.

பிறக்கிராசி எழுந்தார். "இவள் சத்தியம் செய்தபோது பற்றிக்கொண்டது என்ன?"

அவள் மஞ்சள் துணி முடிச்சொன்றை எடுத்துக் காட்டினாள். மஞ்சள் வெளுத்து, துணி நைந்து, நெல்லிக்காயளவு இருந்தது.

"எம் மகளோட பூமுடிங்க. ரெண்டு வயசுல காச்சல் வந்து கண்ணு சொருகிப் போச்சு. 'தாயே, காப்பாத்திக் குடு, ஒன் வாசல்ல வந்து முடி எறக்குறேன்'னு வேண்டிக்கிட்டேன். பொழச்சுக்கிட்டா. இங்கனயே மொதல் முடியக் கொஞ்சம் நறுக்கி முடிஞ்சு வச்சிட்டேன். இன்னும் கொண்டுபோய்ச் சேக்க முடியல. இப்ப அவளுக்கே ரெண்டு புள்ளைங்க இருக்கு."

"அந்தக் கோவில் எங்கே இருக்கிறது?"

"அக்கரையில, துறையூருக்கு அங்கிட்டுங்க. எங்க பாட்டன் ஊரு."

"நீ பார்த்திருக்கிறாயா?"

"எங்கங்க! எங்கப்பன் சொல்லித்தான் தெரியும். வாசல்ல ஒரு வேப்ப மரம் நிக்குமாம்."

பிறக்கிராசி அதிகாரியைப் பார்த்து, முடிச்சுக்குள் மயிர்தான் இருக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம், கப்பற் பயணச் சீட்டாகவும் இருக்கலாமே என்றார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். அவிழ்த்துக் காட்டச் சொல் என்றார்.

நான் சொன்னேன். அவள் பதறவில்லை. சிறு குழந்தைக்கு விளக்குபவள் போல எனக்கு விளக்கினாள்: "இத அம்மன் முன்னாடிதாங்க அவுக்கணும் சாமி. வேற எங்கயும் அவுக்கக்கூடாது. தொரைகிட்ட சொல்லுங்க, அவருக்கு வெளங்கும்."

தொரைக்கு விளங்கும்! நான் அவ்வாறே பெயர்த்தேன். அதிகாரி, இது ஒரு நிமிட வேலை, கெடுதல் ஒன்றும் வராது என்றார். அவள் கையை நீட்டியபடியே நின்றாள். முடிச்சைக் கொடுக்கவுமில்லை, மறைக்கவுமில்லை. பிறக்கிராசி அதை அவள் உள்ளங்கையிலிருந்து இரு விரலால் எடுத்து மேசைமேல் வைத்து, பென்சில் நுனியால் கிளறினார். நைந்த துணி எதிர்க்கவில்லை. கருமையாய், நூலினும் மெல்லியதாய், ஒரு குழந்தையின் மயிர்க்கற்றை கச்சேரி மேசையில் கிடந்தது. வாவிப் பக்கத்துச் சாளரம் திறந்திருந்தது. காற்றில் நாலைந்து இழைகள் பறந்து அதிகாரியின் மை உறிஞ்சு தாளில் விழுந்தன. அவர் அவற்றை வாயால் மெல்ல ஊதித் தள்ளினார். தீங்கு நினைத்து ஊதவில்லை. தூசியை ஊதுவதுபோல ஊதினார். எனக்கு இன்றும் பொறுக்க முடியாதது அதுதான்.

அவள் தரையில் மண்டியிட்டு இழை இழையாகத் தேடினாள். அவள் அங்கே தவழ்ந்துகொண்டிருக்கும்போதே பிறக்கிராசி கேள்வியைத் தொடர்ந்தார்.

"இதைக் கோவிலில் சேர்க்கப் போவாயா?"

"போவேங்க."

"எப்போது?"

"அவ கூப்புடுறப்ப."

"போனால் திரும்பி வருவாயா?"

இந்தக் கேள்வியை நான் எனக்கே உரிய திருத்தத்தோடு கேட்டேன்: "சென்றபின் மீண்டு வரும் எண்ணம் உமக்கு உண்டோ?"

அவள் தரையிலிருந்து அண்ணாந்து பார்த்தாள். "என்னாங்க சாமி?"

"திரும்பி வருவீரோ எண்டு கேக்கினம்."

அவள் எழுந்து நின்றாள். பொறுக்கிய இழைகளை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "அத நான் வாயால சொல்லக்கூடாதுங்க. அது அவ சித்தம்."

இதன் பொருள் எனக்குத் தெரியாதென்று நான் சொல்லமுடியாது. நேர்த்திக்கடன் தீர்க்கப் போகிறவர், போய் வருவேன் என்று தெய்வத்தின் காதுபடச் சொல்வதில்லை. போவது மட்டுமே தம் கையில். திருப்பி அனுப்புவது அவள் கையில். முன்கூட்டி வருவேன் என்பது தெய்வத்துக்கே கட்டளையிடுவதாகும். தோட்டத்தில் சிறு பிள்ளைக்கும் இது தெரியும். ஒருவர்கூட, போனவர் திரும்ப மாட்டார் என்று இதற்குப் பொருள் கொள்ளார். லயத்தை விட்டு எங்கும் போகாதவள், நாலு முழம் நிலத்தைத் தன் உடலுக்கென்று சொல்லி வைத்தவள், திரும்பி வரமாட்டாளாம்!

என் முன்னே இரண்டு வழி இருந்தன. வருவாளாம் என்று ஒரு சொல் போதும். வேறு எந்த மொழிபெயர்ப்பாளனும், அரை அறிவும் முழு இரக்கமும் உள்ள எவனும், அதைத்தான் சொல்லியிருப்பான். நான் சொல்லவில்லை. என் சுத்தம் என்னைத் தடுத்தது. அதைச் சொல்வது தனக்குத் தகாது என்கிறாள், அது அவள் சித்தம் என்கிறாள் என்று பிசகில்லாத ஆங்கிலத்தில் சொன்னேன்.

"எவள் சித்தம்?" என்றார் அதிகாரி.

"தேவியின் சித்தம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். உண்மையில் வருந்தினார். சட்டம் கேட்பது உறுதியான எண்ணத்தை. இவளோ தன் எண்ணத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை, வேறொருவரிடம் கொடுத்துவிட்டாள். அந்த வேறொருவரை நான் விசாரிக்க முடியாதே என்றார். பிறக்கிராசி புன்னகைத்தார். அதிகாரி சிவப்பு மையை அருகே இழுத்தார். பிறகு என்னைப் பார்த்து, இவ்வளவு நுட்பமான விடையை இவ்வளவு துல்லியமாகப் பெயர்த்ததற்காக என்னைப் பாராட்டினார்.

நான் தலைவணங்கினேன். ஆம், வணங்கினேன்.

"என்னாங்க சொல்றாரு?" என்று அவள் கேட்டாள்.

"பேரை வெட்டிப்போட்டினம்."

"நான் என்னா தப்பாச் சொன்னேன்?"

"பிழையா ஒண்டும் சொல்லேல்லை."

"அப்ப எதுக்குங்க வெட்டுனாங்க?"

சேவகன் அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

உணவு இடைவேளையில் நான் விறாந்தைக்கு வந்தேன். மழை இறங்கத் தொடங்கியிருந்தது. அவள் தூணோரம் உட்கார்ந்து, முந்தானை நுனியைக் கிழித்து அந்த மயிரைப் புதிதாக முடிந்துகொண்டிருந்தாள். கிழிந்த துணி மஞ்சளாக இல்லை. நீலக் கட்டம் போட்டிருந்தது. அக்குறணைக் கடைக்காரர் என்னை மறித்தார்.

"ஐயா, கொஞ்சம் நில்லுங்க. ஒங்கட நாக்கு என்ன பலாப்பலகையில செஞ்சதா?"

"அவ சொன்னதைத்தான் நான் சொன்னனான்" என்றேன். "ஒரு சொல்லுக் கூட்டேல்லை, குறைக்கேல்லை."

"அதத்தான் நானும் செல்றன். கிளியும் அப்பிடித்தான் செல்லும். கிளிக்குக் கச்சேரியில கதிரை போட்டுக் குடுக்கிறாங்களா?" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "எங்கட வாப்பா ஹஜ்ஜுக்குப் போற நேரம் தெருவுல ஈக்கிற எல்லார்ட்டையும் மாப்புக் கேட்டுட்டுத்தான் போன. கடன்காரன்ட்டையும் கேட்ட, சண்டைக்காரன்ட்டையும் கேட்ட. திரும்பி வாறன் எண்டு ஒத்தர்ட்டையும் செல்லல்ல. அல்லாட நாட்டம் எண்டுதான் சென்ன. அப்ப வாப்பாவுக்கும் அக்குறணை ஊர் இல்லயா? மையவாடியில ஈக்கிற அவர்ட கபுறத் தோண்டிக் கப்பல்ல அனுப்பவா?"

நான், மொழிபெயர்ப்பாளன் கருத்துச் சொல்லக்கூடாது, அது விதி என்றேன்.

"விதியா? நல்லது ஐயா. இந்தப் பொம்பளைக்கும் விதிதான். ரெண்டு விதியும் ஒரே கதிரையில குந்திக்கிட்டு ஈக்கி."

அவர் குடையை விரித்துக்கொண்டு தேநீர்க் கடைக்குப் போனார். நான் அங்கேயே நின்றேன். என் உள்ளத்தில் அப்போதுதான் ஒவ்வொன்றாக வரத்தொடங்கின, முன்பே வந்திருக்கவேண்டியவை. என் தாயாரும் அவர் தமக்கையும் மார்கழி தோறும் தோணியேறிச் சிதம்பரம் போய்வந்தவர்கள். புறப்படும்போது, கூத்தன் விட்டால் வருவம் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு மணியகாரனும் அவர்கள் எண்ணத்தை விசாரிக்கவில்லை. பிறக்கிராசி சென்ற ஆண்டு கப்பலேறிப் புத்த கயாவுக்குப் போய், வெள்ளரசின் இலையொன்றைக் கண்ணாடிச் சட்டத்தில் அடைத்துக் கொண்டுவந்து நகரமெல்லாம் காட்டினார். அவர் பெயருக்கு எதிராக எவனும் மனுக் கொடுக்கவில்லை. அதிகாரியோ, தம் தாய்நாட்டுக்குப் போகும் விடுமுறையை நாட்காட்டியில் நாள் நாளாய் அடித்துக்கொண்டு வருபவர். வீடு என்று அவர் சொன்னால் அது ஏழு கடலுக்கு அப்பால்தான். மூன்று பேரும் கடல் தாண்டிய தலம் உடையவர்கள். அந்தத் தலத்தைத் தன் கண்ணால் கண்டறியாத ஒருத்தியை நாங்கள் மூவரும் கூடி, நீ இவ்விடத்தவள் அல்லள் என்று தீர்த்தோம்.

உள்ளே போய் அதிகாரியிடம் இதைச் சொல்லியிருக்கலாம். கதவுவரை போனேன். அவர் இறைச்சி வைத்த அப்பம் தின்றுகொண்டிருந்தார். சிவப்பு மை உலர்ந்திருந்தது. திரும்பிவந்தேன். இதற்கு நான் காரணம் தேடி வைத்திருக்கவில்லை, தேடவும் மாட்டேன்.

மழை வலுத்தது. பிற்பகல் அமர்வில் முதலாவதாக வந்தவர் வத்தேகமத் தோட்டமொன்றில் கவ்வாத்து வெட்டும் முதியவர். தேயிலைச் செடியைக் குறுக்கத் தறிக்கும் அந்தக் கத்தியால் வலக்கைச் சுண்டுவிரலின் பாதியை இழந்தவர். பிறக்கிராசிக்கு இப்போது வழி கிடைத்துவிட்டது. பிறந்தது எங்கே, வளர்ந்தது எங்கே என்று சுற்றவில்லை. நேரே கேட்டார்: "தீராத நேர்த்தி ஏதும் உண்டா?"

"இல்லாம இருக்குமாங்க?" என்றார் முதியவர், வியந்து. "மனுசப் பொறப்பாச்சே! எங்க கருப்பனுக்கு ஒரு கெடா பாக்கி நிக்குது."

"எங்கே?"

"அக்கரையிலதாங்க."

"கொடுக்கப் போவீரா?"

"போகாம? அவன் விடுவானா?"

"போனால் திரும்பி வருவீரா?"

முதியவர் கையெடுத்து மேலே பார்த்துக் கும்பிட்டார். "அத நம்ம சொல்றதாங்க? அது கருப்பன் சித்தம்."

விறாந்தையில் சாளரத்தின் அருகே அவள் நின்றிருந்தாள். மழைக்கு ஒதுங்கி, பஸ்வண்டிக்குக் காத்து, உள்ளே நடப்பதைக் கேட்டுக்கொண்டு.

நான் அதிகாரியைப் பார்த்துச் சொன்னேன்: கட்டாயம் திரும்பி வருவாராம்; தமக்கு வீடு இதுதானாம்; வேறெங்கு போவேன் என்று கேட்கிறார்.

ஒரு சொல் கூட்டாத நான் ஒரு வாக்கியத்தையே கூட்டினேன். பிறக்கிராசி சட்டென்று தலையை நிமிர்த்தினார். கடைத்தெருத் தமிழ் அவருக்குக் கொஞ்சம் தெரியும். அவர் பார்வை முதியவர் மீதும் பிறகு என்மீதும் வந்தது. நான் அசையவில்லை. என் துல்லியத்தை அதிகாரி காலையில்தான் எல்லோர் முன்னும் பாராட்டியிருந்தார். அதற்கு எதிராக எழுந்து பேச பிறக்கிராசி விரும்பவில்லை. உட்கார்ந்துவிட்டார். பத்து ஆண்டு உண்மையாய்ப் பெயர்த்து நான் தேடிய மதிப்பு, ஒரு பொய்யைச் சுமந்து செல்லத்தான் அன்று உதவிற்று.

அதிகாரி கறுப்பு மையில் தோய்த்தார். அவர் முகம் மலர்ந்தது. அவ்வளவுதான். காலையில் ஒரு பெண்ணின் முடிச்சை அவிழ்த்து, அவளைத் தரையில் தவழவிட்டு, சட்டத்தின் நுட்பங்களை எல்லாம் ஆராய்ந்து, வருந்தி, பெயரை வெட்டினார்களே. அவ்வளவு பெரிய காரியம், மூச்சுவிடும் நேரத்தில் சொல்லக்கூடிய ஒரு பொய்யில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பொய் காலையிலும் என் வாயில் இருந்தது. நான் அதைச் சேமித்து வைத்திருந்தேன், எதற்கென்று தெரியாமல்.

அடுத்த ஆண்டு அவள் தந்தையும் கணவனும் கிடந்த இடத்தில் தேயிலை வைத்துவிட்டார்கள். அக்குறணைக் கடைக்காரர் கச்சேரி வாசலில் என்னைக் கண்டு இதைச் சொன்னார். சொல்லிவிட்டுப் புடவைப் பொதியைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஆகையால், வேறொன்றும் குறிப்பிடத்தக்கதாக நிகழவில்லை என்று எழுதிய நண்பருக்கு நான் சொல்வது இது: நிகழ்ந்தது. மதகு பழுதுபார்த்த அதே காலையில், விருந்துக்கு விளக்கேற்றிய அதே மழையில், வாவிக்குக் கல்லெறி தூரத்தில் நிகழ்ந்தது. உமக்கு ஆவணம் வேண்டுமென்றால் அந்தப் பதிவேட்டில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அதன் கீழ் ஒரு கறுப்புக் கையெழுத்தும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே என் குரல் இருந்ததற்கு அடையாளம் எதிலும் இராது.

அன்று பிற்பகல் முதியவர் வெளியே வந்தபோது அவள் அவரை மறித்ததைச் சாளரத்தின் வழியே நான் கேட்டேன்.

"அண்ணே, ஒங்க பேர வெட்டுனாங்களா?"

"இல்லம்மா. நிக்கிதாம். கறுப்பு மையில எழுதுனாரு."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"என்னாத்தச் சொல்றது? கருப்பன் சித்தம்னேன்."

"அதத்தானே நானும் சொன்னேன்!"

"நீயும் அதத்தான் சொன்னியா?" என்றார் அவர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு முதியவர் மெல்ல, எதையோ எட்டிப் பிடித்தவர்போல, சாளரத்துக்குள் திரும்பிப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

அவர்கள் பார்த்தது அதிகாரியை அல்ல, பிறக்கிராசியை அல்ல.

அவள் சாளரக் கம்பியைப் பிடித்தாள். நீலக்கட்டத் துணி முடிச்சு அந்தக் கைக்குள் இருந்தது. கூச்சலிடவில்லை, கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசுக்காரனிடம் கேட்பதுபோல, எல்லோருக்கும் கேட்கும்படி நிதானமாகக் கேட்டாள்:

"சாமி, அவருக்கு மட்டும் எப்புடிங்க?"

அவள் என்ன கேட்கிறாள் என்று அதிகாரி என்னிடம் வினவினார்.

பஸ்வண்டிக்கு நேரம் கேட்கிறாள் என்றேன்.

அடுத்த பெயரைக் கூப்பிடச் சொன்னார். நான் கூப்பிட்டேன்.